சாம்சனுக்கு ஒரு ஹெல்த் சர்ட்டிபிகேட்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஞானஜோதி டீச்சரைத் தெரியாதவர் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். பொய் சொன்ன பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தாமல் விட்டதே இல்லை. அப்பேர்ப்பட்ட மனுஷிதான், தொண்ணூற்று மூன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாட்டாஸ்பத்திரி பெஞ்சில் வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலடியில் அவர் வளர்த்த நாய் சாம்சன். பேர்தான் சாம்சன், பூனையைக் கண்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். கணவர் ஐசக் இறந்துபோன பிறகு அந்த வீட்டில் டீச்சருக்குத் துணை அவன்தான். அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவ நேரம். டீச்சர் அங்கேயே தங்கிவிடப் போகிறார். அவனை விட்டுப்போக மனசு வருமா? வெறிநோய்க்கு ஊசி போட்ட சீட்டு தயார். பாக்கி, நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்று டாக்டர் தரும் சர்ட்டிபிகேட். அது இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். விமானம் வெள்ளிக்கிழமை.

போன சனிக்கிழமை வந்தது வினை. ஒரு தெருநாய் சாம்சனோடு கட்டிப்புரண்டது. பிரிக்கப்போன டீச்சரின் கையில் சாம்சனின் பல் பதிந்துவிட்டது. நாய்க்கடி ஊசிக்குப் போனால் விஷயம் வெளியே வந்து சர்ட்டிபிகேட் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். அதன்மேல் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய். படித்த மனுஷி செய்கிற காரியமா இது?

"இன்னா டீச்சர், கையில காயம் கீது?" என்று பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் கேட்டதற்கு, "அரிவாமணை பட்டுடுச்சு" என்று மென்று முழுங்கினார்.

டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் சாம்சனின் வாயைத் திறந்து பார்த்தார்.

"சமீபத்துல யாரையாவது கடிச்சுதா?"

டீச்சர் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

"இல்ல சார்."

டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "ஊசி போட்ட நாய்தான். ஆனா கடிச்சிருந்தா, பத்து நாள் கட்டிவெச்சுப் பாக்காம தரமாட்டேன். குழந்தை பொறக்கப்போற வீட்டுக்குப் போறதா சொன்னீங்களே, அதான் கேட்டேன்."

டீச்சர் காகிதத்தோடு கேட் வரைக்கும் வந்துவிட்டார். சாம்சன் யாரையும் நக்கித்தான் சிநேகம் பிடிப்பான். இன்னும் பிறக்காத அந்தக் குழந்தையின் கன்னத்தையும் நக்குவான். அந்தத் தெருநாய் வெறிநாயாக இருந்திருந்தால்? கால் அதற்குமேல் நகரவில்லை.

திரும்பிப் போய் டாக்டர் முன்னால் முந்தானையை விலக்கினார்.

"என்னைக் கடிச்சிருக்கான் சார்."

டாக்டர் சர்ட்டிபிகேட்டை வாங்கிக் கிழித்தார். "முதல்ல நீங்க ஊசிக்குப் போங்கம்மா. பத்து நாள் தாண்டட்டும், புதுசா எழுதித் தர்றேன்."

"அதுக்குள்ள இவனுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அப்ப நாயைப் பத்திக் கவலைப்பட நேரமிருக்காதும்மா."

ஊசி போட்டுக்கொண்டு, டெலிபோன் பூத்திலிருந்து மகளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வரவில்லை என்றார். "நாய்க்காகவா?" என்று மகள் அழுதாள். உன் பிள்ளைக்காகத்தான் என்று சொல்லாமலே டீச்சர் போனை வைத்தார்.

மறுநாள் காலை, கொல்லையில் சங்கிலியில் கிடந்த சாம்சனுக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர் வைத்தார். வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்பார்கள். சாம்சன் முகர்ந்தான். டீச்சரைப் பார்த்தான். வாய் வைக்கவில்லை. கட்டிப்போட்ட கோபமா, நோயா, யார் சொல்வது? டீச்சர் கிண்ணத்தை ஒரு குச்சியால் இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.