கார்ஸ்டன் கப்பலின் பிரிக்காத கவர்

மயில்வாகனம் அங்கிள் கடைக்குள் நுழைந்தால் நான் முதலில் மின்விசிறியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய கவர்கள் பறந்துவிடுமாம். ஈப்போ வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, மின்விசிறி இல்லாமல் நகலெடுக்கும் கடை நடத்திப் பாருங்கள். என் கோபம் அப்போது புரியும்.

"பிள்ளை, கை கழுவினீரோ?" என்பார்.

"ரெண்டு வாட்டி கழுவிட்டேன் அங்கிள்."

"இன்னொருக்காக் கழுவும்."

எண்பத்தேழு வயது. ரயில்வே அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க். மனைவி செல்லாச்சி போய் ஆறு வருடமாகிறது. மகள் மாதுமை மெல்பனில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் அவருக்குத் துணை போர்க்கப்பல்களிலிருந்து வந்த பழைய தபால் உறைகள்தான். எந்தக் கப்பலின் முத்திரை, எந்தத் தேதி, எந்தத் துறைமுகம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து ஆல்பத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்.

அதிலும் எச்.எம்.எஸ். கார்ஸ்டன் என்ற நாசகாரிக் கப்பல் என்றால் அவருக்கு உயிர். நாற்பத்திரண்டில் கடலில் இறங்கியது, பர்மா கரையில் குண்டடி பட்டது, சண்டை முடிந்ததும் பாங்காக்கிலிருந்து நோயாளிகளை ஏற்றி வந்தது, கடைசியில் பழைய இரும்பாகப் போனது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் புருஷனைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது.

போன மாதம் கோலாலம்பூர் தபால்தலைக் கண்காட்சிக்காக கார்ஸ்டன் கதையைப் பதினாறு தாளில் தயார் செய்ய வந்தார். நடுத்தாளில் வைக்க அவருடைய பொக்கிஷம் ஒன்று. எண்பது வருடமாகப் பிரிக்காத உறை. முன்பக்கம் இங்கிலீஷில், 'தலைமைக் கிராணி, ரோவன் தோட்டம், சித்தியவான்'. பக்கத்தில் வட்டமாகக் கப்பலின் ஊதா முத்திரை, 1945 டிசம்பர் 16. தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் பார்த்த அந்தத் தலைமைக் கிராணி வேறு யாருமில்லை, அங்கிளின் அப்பா.

"கப்பல் ஆபிசர் ஒருத்தர் அப்பாவுக்கு எழுதினது. அப்பாதான் எனக்குத் தந்தவர்," என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"உள்ள என்னா இருக்குன்னு பாக்க ஆசையே இல்லையா அங்கிள்?"

"பிரிச்சா அது வெறும் காகிதம், பிள்ளை. பிரிக்காட்டித்தான் கவர்."

இரண்டு பக்கமும் படமெடுக்க வேண்டும் என்பது கண்காட்சிக்காரர்களின் நிபந்தனை. உறையைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் மங்கலாகத் தமிழ் எழுத்து. திரையில் பெரிதாக்கிப் படித்தேன்.

'கிராணி ஐயா அவர்களுக்கு. மூணாம் லயம் அப்பாவு பெண்சாதி வீரம்மாவுக்கு இதை உடனே படித்துக் காட்டவும். அப்பாவு உயிரோடு இருக்கிறான்.'

இன்னொரு முறை படித்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். மனிதர் வட்ட முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், பின்னால எழுதியிருக்கிறத நீங்க படிச்சதே இல்லையா?"

"அனுப்பினவன்ர பேராக்கும்."

"ஆக்குமா? தமிழ்லதானே இருக்கு!"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது! வாயைத் திறந்தால் அத்தனை சுத்தமான தமிழ் பேசுகிறவர். கோயிலில் பாடுவதைக்கூட இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடியிருக்கிறார். ரோவன் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிப் பிள்ளைகளுக்கு. கிராணி வீட்டுப் பிள்ளை அங்கே போய் உட்காரலாமா? அப்பா வீட்டிலேயே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார், பிறகு ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனங்களுக்கு வரும் கடிதமெல்லாம் கிராணி பெயருக்குத்தான் வரும். சாயங்காலம் அவர் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டுவார். இது எனக்கே தெரியும், என் அப்பாவும் தோட்டத்தில் கித்தா மரம் கீறி ரப்பர் பால் எடுத்தவர்தான். இந்த மனிதரோ எண்பது வருடமாக அதைத் தன் அப்பாவுக்கு வந்த கடிதம் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார்.

ரோவன் தோட்டம் இப்போது செம்பனைக் காடும் வீடமைப்புப் பகுதியுமாகிவிட்டது. ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கென்று அங்கிருந்து போனவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். என் சின்னம்மா பிரமிளா அதில் இருக்கிறார். கேட்டேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: 'அப்பாவு மகன் சன்னாசி, பீடோர்ல கொய்யாத் தோட்டம் வச்சிருக்காரு. அவருகிட்ட அப்பன் பேச்ச எடுக்காத. கடிச்சிருவாரு.'

சண்டைக் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன அப்பாவு திரும்பி வரவில்லை. கூடப் போய்த் திரும்பியவர்கள், அவன் அங்கே ஒரு சயாம்காரியோடு தங்கிவிட்டான் என்று கதை கட்டிவிட்டார்களாம். வீரம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. மகனோ ஓடிப்போனவன் பிள்ளை என்று கேட்டே வளர்ந்திருக்கிறார். இதையும் சின்னம்மாதான் சொன்னார்.

மறுநாள் காலை அங்கிளும் நானும் என் காரிலேயே பீடோருக்குக் கிளம்பினோம். உறையைக் கண்ணாடித்தாளில் போட்டு மடியில் வைத்திருந்தார். கோப்பெங் ஊரைத் தாண்டினோம். எனக்கு ஒரே கேள்விதான் மனதைக் குடைந்தது.

"அங்கிளோட அப்பாவுக்குத் தமிழ் தெரியுமில்ல? படிச்சிட்டு எப்படிங்க சும்மா இருந்தாரு? சின்னப் பிள்ளைக்கு விளையாடத் தூக்கிக் குடுத்தாரா?"

"அப்பா இதைக் காணவே இல்லை."

"என்னா?"

"அப்பா தரேல்லை, பிள்ளை. நான்தான் எடுத்தனான்."

நான் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அலற விட்டான்.

தபால் பையை ஆபீஸ் மேசையில் கொட்டியதும் தபால்தலை பார்க்க ஓடிப்போவது ஏழு வயது மயில்வாகனத்தின் வழக்கமாம். அன்றைக்குக் கப்பல் முத்திரையைப் பார்த்திருக்கிறார். அப்பா கத்தியால் கிழித்தால் முத்திரையும் சேர்ந்து கிழிந்துவிடும் என்று பயம். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அடிக்குப் பயந்து சொல்லவே இல்லை. அப்பா இறந்த பிறகுதான் 'அப்பா தந்தது' என்ற கதை பிறந்திருக்கிறது.

"அப்பாட பேருக்கு வந்ததுதானே, அவற்ற அலுவல் கடிதமாக்கும் எண்டு நினைச்சிட்டன்," என்றார். "ஐயோ, பிள்ளை... ஆரோ ஒரு பொம்பிளை காத்துக்கொண்டு இருந்திருக்கிறாளே!"

வண்டியை எடுத்தேன்.

சன்னாசி ஐயாவுக்கு எண்பத்து நாலு வயது. வாசலில் உட்கார்ந்து கொய்யாக்காயைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். மருமகள் கலாதேவி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவு என்று நான் சொன்னதுதான் தாமதம், அவர் முகம் இறுகிவிட்டது.

"அந்த ஆளு பேச்சு வேணாம் பொண்ணு. ஐசி கார்டுல 'சன்னாசி அனாக் லெலாக்கி அப்பாவு'ன்னு, அப்பாவு மகன்னு மலாய்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. அழிக்க முடிஞ்சா எப்பவோ அழிச்சிருப்பேன். எம் பிள்ளைங்க கல்யாணப் பத்திரிகையிலகூட அந்தப் பேரப் போடல."

அங்கிள் எழுந்தார். கண்ணாடித்தாளிலிருந்து உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது உங்கட அம்மாவுக்கு வந்த கடிதம். நாற்பத்தைந்தாம் ஆண்டு நான் களவெடுத்தனான். எனக்கு அப்ப ஏழு வயசு. மன்னிக்கச் சொல்லிக் கேக்க வரேல்லை. குடுக்கத்தான் வந்தனான்."

சன்னாசி ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பின்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். 'உயிரோடு இருக்கிறான்' என்றதும் கையிலிருந்த கொய்யா உருண்டது. உறையைப் பிடுங்கிச் சரக்கென்று கிழித்தார். ஊதா முத்திரை இரண்டாகப் போயிற்று. அங்கிள் அசையவில்லை.

உள்ளே ஒரே தாள். "கண்ணு தெரியல, படி," என்றார். படித்தேன்.

'வீரம்மாவுக்கு அப்பாவு சொல்ல, கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர் எழுதுவது. என்னோடு வந்த நம் ஆட்கள் பாதிப்பேர் இல்லை. எனக்கு வலது காலை எடுத்துவிட்டார்கள். பினாங்கு ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார்களாம். தனியாக வர முடியாது. யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப் போ. தைப் பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். நீ வரவில்லையென்றால், கால் இல்லாதவன் வேண்டாம் என்று நினைத்தாய் என்று எடுத்துக்கொள்வேன். உன்மேல் கோபம் இல்லை. பிறகு உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். பையன் ஓடி விளையாடுகிறானா?'

கலாதேவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சன்னாசி ஐயா என்னையே பார்த்தார், இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்பதுபோல. ஒன்றும் இல்லை என்று தாளைத் திருப்பிக் காட்டினேன்.

"நடந்தே போயிருப்பா எங்கம்மா," என்றார். "என்னையும் இடுப்புல தூக்கிக்கிட்டு பினாங்குக்கு நடந்தே போயிருப்பா."

பிறகு முதல்முறையாக அங்கிளை நேராகப் பார்த்தார்.

"அந்தக் கப்பல் பினாங்குக்கு எப்ப வந்துச்சு? தெரியுமா?"

"தெரியும். டிசம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. காலமை ஏழரை மணி." யோசிக்காமலே சொன்னார். அந்தக் கப்பலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"எழுதிக் குடுங்க. செத்த நாளு தெரியல. வந்த நாளுலயாவது எங்கப்பாவுக்குத் திதி குடுக்கிறேன். பேரும் எழுதுங்க. அப்பாவுன்னு தமிழ்ல."

நான் பேனாவை நீட்டினேன். அங்கிள் வாங்கினார். 18 என்று எழுதினார், 12 என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்குத் தமிழ் எழுத வராது," என்றார்.

சன்னாசி ஐயா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. தாளை என் பக்கம் தள்ளினார். நான் அப்பாவு என்று பெரிதாக எழுதினேன். அதைக் கடிதத்தோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் புறப்பட்டு வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். கையில் அந்தக் கிழிந்த உறை.

"இத நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா. உங்களுக்கு இதுதானே வேண்டியிருந்துச்சு."

அங்கிள் வாங்கிக்கொண்டார். ஈப்போ வரும்வரை இரண்டு துண்டையும் கையிலேயே வைத்திருந்தார், கண்ணாடித்தாளில் போடவில்லை.