வைக்கோல் போரும் ஸ்பார்க் அரெஸ்டரும்

"டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குக்கு ஸ்பார்க் அரெஸ்டர் வேணும்க்கா. இல்லன்னா என் தங்கச்சி கல்யாணம் நின்னுடும்."

ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இத்தனை வருஷம் நின்றதில் எத்தனையோ அவசரங்களைப் பார்த்திருக்கிறேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் கிளட்ச் கேபிள் அறுந்த ஆட்டோக்காரர், பாண்டிச்சேரிக்குக் கிளம்பும்போது பஞ்சரான வெளிநாட்டுக்காரர், எல்லாரும் வந்திருக்கிறார்கள். சைலன்சர் உதிரிபாகம் இல்லாமல் நின்றுபோகும் கல்யாணத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். புதிதாகக் கவுன்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

எங்கள் கடை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருக்கிறது. வந்தவன் பெயர் சரவணன். கீழ்பென்னாத்தூர் பக்கம் சொந்த ஊர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மண்பாதைப் பந்தயம் ஓட்டும் ஒருவரிடமிருந்து பழைய டர்ட் பைக் ஒன்றை வாங்கி, லீவு நாட்களில் தங்கள் நிலத்தில் வரப்பேறி ஓட்டிக்கொண்டிருந்தான். போன கோடையில் அவனுடைய சித்தப்பாவின் வைக்கோல் போர் எரிந்துபோனது. அன்று மதியம் அந்தப் பக்கம் சத்தம் போட்டுக்கொண்டு போனது இவன் வண்டிதான். "உன் வண்டிதான் நெருப்பு கக்கிச்சு" என்றார் சித்தப்பா. "நீங்க பாத்தீங்களா?" என்றான் இவன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அப்பா இல்லாத வீடு. தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாதான் நிற்க வேண்டும். அம்மா போய் அழைத்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறார்: அந்த வண்டியிலிருந்து இனி ஒரு பொறி வரக்கூடாது, அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

"வண்டிய வித்துடக் கூடாதா தம்பி?" என்று கேட்டேன்.

"வித்தா நான்தான் கொளுத்துனேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்க்கா."

அதுவும் நியாயம்தான். ஆக, கல்யாணம் நடக்க வேண்டும், வண்டியும் இருக்க வேண்டும், குற்றமும் ஒட்டக்கூடாது. இவ்வளவையும் சைலன்சர் முனையில் மாட்டும், பொறியைத் தடுக்கும் ஒரு சாமான் செய்துவிடும் என்று அவன் நம்பினான்.

முதலாளி கொண்டுவந்த அரெஸ்டர்

எங்கள் முதலாளிக்கு "இல்லை" என்ற வார்த்தை வராது. "நாளைக்கு வாப்பா, வந்துடும்" என்றார். மறுநாள் வந்தும் விட்டது. பெட்ரோல் டேங்கர் லாரிகள் டிப்போவுக்குள் போகும்போது சைலன்சரில் மாட்டுவார்களே, அந்த அரெஸ்டர். ஒரு சின்ன பால் கேன் அளவு இருந்தது.

சரவணன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான்.

"சார், இது லாரிக்கு."

"நெருப்பு நெருப்புதானேப்பா. லாரியையே காப்பாத்துது, உன் வண்டிய காப்பாத்தாதா?"

"இத மாட்டுனா வண்டி பின்னால சாஞ்சிடும் சார்."

பக்கத்து ஒர்க்‌ஷாப் பாஷா பாய் அதைவிடச் சுலபமான வழி சொன்னார். "எவர்சில்வர் டீ வடிகட்டி ஒண்ணு வாங்கு. உள்ள வெச்சு ரெண்டு டாக் வெல்டிங் அடிச்சு விட்டுடறேன். செலவு கம்மி." சரவணன் என்னைப் பார்த்தான். நான் வடிகட்டியை நினைத்துப் பார்த்தேன். டீத்தூள் வேறு, புகை வேறு.

பிறகு நானும் அவனும் உட்கார்ந்து முறையாகத் தேடினோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்கிரீன் டைப். சைலன்சரின் வால் பக்கம் ஒரு எஃகு வலை. கரித்துகள் வலையில் நின்றுவிடும், புகை போய்விடும். இன்னொன்று டிராப் டைப். உள்ளே இருக்கும் தகடுகள் புகையைச் சுழற்றிவிடும். கனமான கரித்துகள் ஓரத்தில் ஒதுங்கித் தங்கும். இதில் அடைப்பு குறைவு. ஆனால் கனம் ஜாஸ்தி, சைலன்சரையே மொத்தமாக மாற்ற வேண்டும். அவன் மாடலுக்கு அது இந்தியாவில் எங்கும் கிடைக்கவில்லை.

ஸ்கிரீன் டைப்பிலும் பார்த்தவுடன் வாங்கிவிட முடியாது. சைலன்சர் உள்குழாயின் விட்டத்தை அளக்க வேண்டும். சின்னதாக இருந்தால் வண்டி மூச்சு முட்டும், பெரிதாக இருந்தால் உட்காராது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால், வலையில் கரி பிசுபிசுவென்று ஒட்டும். அடிக்கடி கழற்றி பிரஷ் போட வேண்டும். ஆயிலை அளவுக்கு மேல் கலந்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு சரவணன் கேட்ட ஒரே கேள்வி, "பவர் குறையுமாக்கா?"

"தம்பி, உனக்குக் கல்யாணம் நடக்கணுமா, பவர் வேணுமா?"

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னான்.

களத்தில் பரீட்சை

ஸ்கிரீன் டைப் பெங்களூரிலிருந்து வந்தது. பாஷா பாய் பிசிறில்லாமல் மாட்டிக் கொடுத்தார். ஆனால் சித்தப்பா அதோடு விடவில்லை. "அவன் சொன்னா நான் நம்ப மாட்டேன். கடைக்காரங்க வந்து சொல்லட்டும்" என்று ஆள் அனுப்பினார். முதலாளிக்குக் கடையை விட்டு நகர மனம் வராது. "நீ போய்ட்டு வாம்மா தேவகி. சாமான் நம்ம சாமானு, பேரும் நம்ம பேரு" என்று என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

சித்தப்பா ஏழுமலை களத்தில் காத்திருந்தார். பக்கத்தில் சித்தி ஜெயா, தள்ளி நான்கைந்து ஊர்க்காரர்கள். அந்த வருஷத்து வைக்கோல் போர் களத்தின் ஓரத்தில் உயரமாக நின்றது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். நீதிபதி மாதிரி உட்கார்ந்தேன்.

அரெஸ்டரைக் காட்டி விளக்கினேன். ஏழுமலை குனிந்து வலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த ஓட்டையில பொறி வராதா?"

"கரித்துகள் நின்னுடும்ங்க. வெளிய வராது."

"அதையும் பாத்துடலாம்."

ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து சைலன்சருக்குப் பின்னால் போடச் சொன்னார். சரவணன் வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கினான். புகை அடித்தது, மாடு மிரண்டது, ஜெயா காதைப் பொத்திக்கொண்டார். ஏழுமலை "இன்னும், இன்னும்" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். இஞ்சின் சூட்டில் வீச்சமெடுக்கிற வரைக்கும் முறுக்கினான். வைக்கோல் கட்டு கொஞ்சம் கறுத்ததே தவிர, பற்றவில்லை.

"சரி. கடைக்காரம்மா சொன்னது சரிதான்" என்றார் ஏழுமலை. சரவணன் முகத்தில் ஒரு வருஷத்துச் சுமை இறங்கியது தெரிந்தது. அன்றைக்குத் தானும் நல்லவன், தன் வண்டியும் நல்லது என்பது சபையில் நிரூபணம் ஆகிவிட்டதே! ஜெயா எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தார். மோர் குடிக்கக் கை வேண்டுமே. சரவணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாய்த்து வைத்துவிட்டு வந்து டம்ளரை வாங்கிக்கொண்டான். கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது. சமையல் யார், பந்தல் யார் என்று ஏழுமலை தானாகவே கேட்டார்.

முதலில் மோப்பம் பிடித்தது ஜெயாதான்.

"இன்னா இது, தீயிற நாத்தம்?"

திரும்பிப் பார்த்தோம். வண்டி வைக்கோல் போரில் சாய்ந்து நின்றது. இஞ்சினிலிருந்து வளைந்து பருத்து வரும் எக்ஸாஸ்ட் பைப் வைக்கோலுக்குள் அழுந்தியிருந்தது. அங்கிருந்து புகை. நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் தீ நாக்கை நீட்டிவிட்டது.

சரவணன் வண்டியை இழுத்துப் போட்டான். ஏழுமலை எரிகிற பக்கத்தைக் கையாலேயே பிடுங்கி எறிந்தார். ஜெயா மாட்டுத் தொட்டியிலிருந்து குடம் குடமாக ஊற்றினார். நானும் சேரை உதறிவிட்டு வாளியைத் தூக்கினேன். ஒரு மூலை போனது, போர் தப்பித்தது.

எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அரெஸ்டர் மட்டும் சைலன்சர் முனையில் பளபளவென்று இருந்தது. அதன் வேலையில் ஒரு குறையும் இல்லை.

சரவணன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "போன வருஷமும் தண்ணி குடிக்கப் போறப்ப போர்லதான் சாச்சி வெச்சேன் சித்தப்பா. திரும்பி வந்து எடுத்துக்கினு போயிட்டேன். அப்ப ஒண்ணும் தெரியல. நான்தான் கொளுத்திட்டேன் போல."

பந்தல் பேச்சும் பந்தியும் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். ஏழுமலை சுட்ட உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடி? கேட்டியா? வண்டிதான்! என் பீடி இல்ல!"

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஊருக்கு முன்னால் அவர் வண்டியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வருஷமும், வீட்டுக்குள் ஜெயா அவரைச் சொல்லிக்கொண்டிருந்தார். போர் எரிந்த அன்று மதியம் அவர் போர் நிழலில் பீடி பிடித்ததை ஜெயா பார்த்திருந்தார். ஒருவேளை அதுதானோ என்று ஏழுமலைக்கே உள்ளூர பயம். அந்த பயத்தில்தான் அண்ணன் மகன் மேல் அவ்வளவு கோபம்.

சரவணனை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். "நீ கொளுத்துனதே எனக்குப் போதும்டா" என்றார். ஜெயா சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அப்புறம்

கல்யாணப் பத்திரிகை வைக்க ஏழுமலையே கடைக்கு வந்தார். கையில் தழும்பு இருந்தது. பத்திரிகையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் சுவரில் தொங்கியதைப் பார்த்தார்.

"அது இன்னாம்மா?"

"சைடு ஸ்டாண்டுங்க."

"அவன் வண்டிக்கு அது ஏன் இல்ல?"

பந்தயத்துக்குச் செய்த வண்டிகளுக்கு ஸ்டாண்டு வைக்க மாட்டார்கள், கனம் குறையட்டும் என்று. அதனால்தான் அவன் போகிற இடமெல்லாம் மரத்திலும் சுவரிலும் போரிலும் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். ஏழுமலை ஒரு ஸ்டாண்டை வாங்கிப் போனார். பாஷா பாய் அதை வெட்டி வெல்டிங் வைத்து மாட்டிக் கொடுத்தார். எங்கள் கடையிலேயே ரொம்ப மலிவான சாமான்களில் அது ஒன்று.

சரவணன் கேட்டது சரியான பார்ட்தான். நான் தேடித் தந்ததும் சரியான பார்ட்தான். போர் எரிந்த அன்று வண்டி எங்கே நின்றது என்று மட்டும் நான் அவனைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் கவுன்டருக்கு யார் வந்து எந்தப் பார்ட்டின் பெயரைச் சொன்னாலும் நான் உடனே டப்பாவைத் திறப்பதில்லை.

"மொதல்ல இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க" என்கிறேன்.