போட்டிக் கடைக்காரர் கழற்றிக் கொடுத்த பிராசஸர்

2005ஆம் ஆண்டு, மே மாதம். கும்மிடிப்பூண்டி பஜாரில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். நான்கே நான்கு கம்ப்யூட்டர்கள். கணவர் வேலை பார்த்த உருக்காலையில் அப்போது லே-ஆஃப். எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் கடையை நம்பித்தான் எரிந்தது.

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு பெண் நிற்பதை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அப்போது நிறைய. பார்க்கட்டுமே! திருவள்ளூரில் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவள் நான். மெக்கானிக் என்று ஒருவரை என் கடைக்குள் விட்டதே இல்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

லீவு நாட்களில் ஆரம்பாக்கத்திலிருந்துகூட ரயிலேறி கேம் விளையாட வருவார்கள் பையன்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏசி, சுழல் நாற்காலி சகிதம் புதிதாக ஒரு சென்டர் வந்ததும் என் கடை காற்று வாங்க ஆரம்பித்தது. நடத்தியவர் பழவேற்காட்டுக்காரர், என்னைவிடச் சின்னவர். முகம் கொடுத்துப் பேசியதில்லை. வீட்டில் அவருக்கு நான் வைத்த பெயர் 'ஏசிக்காரன்'.

"அக்கா, உங்க சிஸ்டம் நொண்டுதுக்கா. காரு திரும்பறதுக்குள்ள செவுத்துல முட்டிக்குது" என்றான் ஒரு பையன். ரோஷம் வந்துவிட்டது. நான்கு கம்ப்யூட்டருக்கும் வேகமான பிராசஸர் போடுவது, ஞாயிற்றுக்கிழமை கார் ரேஸ் போட்டி வைப்பது என்று முடிவு செய்து வாசலில் போர்டு எழுதி மாட்டினேன். பெயர்கள் மளமளவென்று சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை பழைய பிராசஸர்களைக் கழற்றிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். எக்ஸ்சேஞ்சில் அவற்றைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்தேன். சனிக்கிழமை காலை முதல் கம்ப்யூட்டரில் மாட்டி ஆன் செய்தால், ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. நான்கிலும் அதே கதி.

விற்ற கடைக்குப் போன் செய்தேன். "பயாஸ் அப்டேட் பண்ணீங்களா மேடம்?" என்று கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். புது பிராசஸரை மதர்போர்டு அடையாளம் கண்டுகொள்ள, அதற்குள் இருக்கும் பயாஸ் என்ற புரோகிராமை முதலில் புதுப்பிக்க வேண்டுமாம். அதைப் பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே செய்திருக்க வேண்டும். என்னுடைய பழையதுகளோ நேற்றே கைமாறிவிட்டன. போட்டி நடக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் என் கடைக்கு ஈ கூட வராது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அதே பழைய ரகம் ஊரில் இன்னும் ஒரே இடத்தில் இருப்பதாகப் பையன்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். ஏசிக்காரர் கடையின் கல்லா கம்ப்யூட்டரில். வேறு வழியில்லை, போனேன். கடை நிரம்பி வழிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கே எனக்கு வெகுநேரம் பிடித்தது.

"வாங்கக்கா, உக்காருங்க. இன்னா ஆச்சு?" என்றார். சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தவர், எல்லோருடைய நேரக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்த கல்லா கம்ப்யூட்டரை அப்படியே நிறுத்தினார். "டேய், இனிமே கடியாரம் பாத்துக்கோங்க. ஏமாத்தினீங்க, தோலை உரிச்சுருவேன்!"

எனக்கு வேண்டிய பயாஸை இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கி ஃபிளாப்பியில் ஏற்றினார். பிராசஸரைக் கழற்றி சோப்பு டப்பாவில் பத்திரப்படுத்தினார். "பாதியில கரண்டு போச்சுன்னா போர்டு செத்துடும்க்கா. உங்க யூபிஎஸ் தாங்குமா?" என்றார். என்னுடையது பல்லிளித்து மாதக்கணக்காகிறது. தன்னுடையதையே தூக்கி டிவிஎஸ் வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார்.

அந்த ஒரே பிராசஸரை ஒவ்வொரு போர்டிலும் மாட்டி, பயாஸை மாற்றி, கழற்றி, புதியதைப் பொருத்தினோம். மூன்றாவது போர்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போயே போய்விட்டது. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியது. அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. என் வாயில் எல்லா சாமியும் வந்தது. திரையில் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிவைத் தொட்டபோதுதான் இருவரும் மூச்சு விட்டோம். கரண்ட் திரும்பியதும் மிச்சத்தை முடித்தோம். நான்கு திரைகளும் பளிச்சென்று உயிர் பெற்றன.

எலுமிச்சை சாதம் கொடுத்தேன். மறுக்காமல் சாப்பிட்டார். மனம் கேட்காமல், "எனக்குப் போட்டி நீங்க. இல்லேன்னு சொல்லியிருந்தா உங்களுக்குத்தானே லாபம்?" என்றேன்.

"வாசல்ல நீங்க நின்னுக்கினு இருந்தத உள்ள இருந்து பாத்தேங்க்கா. இத்த கேக்க வர்றதுக்கு எவ்ளோ பேஜாருபட்டிருப்பீங்கன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. அப்பறம் எப்பிடிக்கா இல்லன்றது?"

மறுநாள் காலை நானே போய் அவர் கடைப் பையன்களையும் போட்டிக்கு அழைத்து வந்தேன். அவர்களில் ஒருவன்தான் ஜெயித்தான். கைதட்டியதில் என் சத்தம்தான் அதிகம் என்று கணவர் இன்றும் கிண்டல் செய்கிறார். அந்தக் கோடை முழுவதும் என் கடையில் நாற்காலி காலியாக இருக்கவில்லை.

இப்போது இரண்டு கடைகளுமே இல்லை. ஆனாலும் என் வீட்டு வாசலில் யாராவது தயங்கி நின்றால், அவர்கள் வாய் திறந்து கேட்கும் வரை நான் காத்திருப்பதில்லை. முதலில், உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.