துணைக் கேள்விக்கு அனுமதி இல்லை

பாலகுரு சட்டசபையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரூமில் இருப்பவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாண சட்டசபைக்கு யார் உறுப்பினராகலாம், யாருக்கெல்லாம் ஓட்டு என்று மதுரையில் வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்தவர். பட்டம் கைக்கு வருமுன் வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்து வந்தவர் தலைப்பையே மாற்றச் சொன்னார். அதற்குள் வீட்டில் பெண் பார்த்துவிட்டார்கள். அப்புறம் என்ன, துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்குக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அங்கே எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

முத்துராமன் ஒருவன்தான் காது கொடுத்துக் கேட்பான். கமுதிப் பக்கம். கன்டெய்னருக்குள் ஏறி மூட்டை இறக்குகிற வேலை. மனைவி மாசமாக இருந்தபோது விமானம் ஏறியவன். மகள் பிறந்து, தவழ்ந்து, இப்போது போனில் "அப்பா" என்கிறாள். அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. அவன் கம்பெனி ஆள் இல்லை, சப்ளை ஆள். வேறொரு கம்பெனி விசாவில் வந்து இங்கே வாடகைக்கு உழைக்கிறவன். இந்தக் கோடையை ஒரு நாள் சிக் லீவு போடாமல் தாண்டினால், செப்டம்பரில் கம்பெனி விசாவுக்கு மாற்றிக்கொள்வதாக ஃபோர்மேன் சொல்லியிருந்தார். கம்பெனி விசா என்றால் லீவு உண்டு, டிக்கெட் உண்டு, மகள் உண்டு. அந்த செப்டம்பரைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மூச்சுவிட்டான்.

அது 2007. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வந்து, உங்கள் தொழிலாளர்கள் குறை சொல்ல வழி உண்டா என்று கேட்டுவிட்டாராம். மறுவாரமே தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் மெஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளர் ஆலோசனை சபை. பாதிக்கு மேல் உறுப்பினர்களை நிர்வாகமே நியமிக்கும். மற்றவர்கள் தேர்தல் மூலம், மொழிக்கு ஒருவர்: இந்திக்காரர், மலையாளி, தமிழர், பெங்காலி. கம்பெனி விசாவில் மூன்று வருடம் முடித்து, பேரில் புகார் எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும் ஓட்டு. சபை கேள்வி கேட்கலாம். முடிவு நிர்வாகத்துடையது.

பாலகுரு நோட்டீஸ் முன்னால் நின்று தனியாகச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரூமுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

"தனித்தொகுதி, நியமன உறுப்பினர், வசதி உள்ளவனுக்கு மட்டும் ஓட்டு. அப்ப வரி கட்டுன நிலத்தப் பாத்தான், இப்ப விசாவப் பாக்குறான். நூறு வருசம் ஆச்சு முத்து, ஒரு வரி மாறல."

முத்துராமன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "அந்தக் காலத்துல அதுக்குள்ள போனவுக ஒண்ணுமே செய்யலையாண்ணே?"

"ரெண்டு கட்சி இருந்துச்சு. உள்ள போய்க் கேக்கணும்னு ஒண்ணு. அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு ஒண்ணு."

"நீங்க எந்தக் கட்சி?"

இத்தனை வருட ஆராய்ச்சியில் இந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

"நீங்க போங்கண்ணே" என்றான் முத்துராமன். "கன்டெய்னர் விசயத்தக் கேளுங்க. எனக்கு ஓட்டு இல்ல. ஆனா நீங்க கேட்டாச் செய்வாக."

கன்டெய்னர் விஷயம் இதுதான். கோடையில் உச்சி வேளையில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்க உத்தரவு இருந்தது. திறந்தவெளி யார்டில் நிற்பவர்களை அந்த நேரத்தில் நிழலில் உட்கார வைத்தார்கள். கன்டெய்னருக்குள் இருப்பவர்களை வைக்கவில்லை. காலையிலிருந்து காய்ந்த இரும்புப் பெட்டிக்குள், காற்று எட்டிப் பார்க்காத அந்த இருட்டில், மூட்டை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. வெயிலே தேவலை என்று வெளியே வந்து நிற்பார்கள் பாவப்பட்டவர்கள்.

பாலகுரு நின்றார், ஜெயித்தார். ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ஏசி கிடங்கில் வேலை செய்கிறவர்கள். கன்டெய்னருக்குள் போகிறவன் ஒருவனுக்கும் ஓட்டு இல்லை. அது அவருக்கு உறுத்தியது. ஆனாலும் அன்றைக்கு ரூமில் சேமியா பாயசம் காய்ச்சினார்கள். "எம்.எல்.ஏ." என்று கூப்பிட்டார்கள். அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்?

அடுத்த வாரம் முத்துராமன் கன்டெய்னருக்குள் மயங்கி விழுந்தான். கூட இருந்தவர்கள் இழுத்து வெளியே போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றி, ஃபோர்மேன் வருவதற்குள் மறுபடி நிறுத்திவிட்டார்கள். சிக் லீவு எழுதக்கூடாதே. சாயங்காலம் பஸ்ஸில் முத்துராமன் பாலகுருவின் தோளில் சாய்ந்தபடியே வந்தான்.

பாலகுரு அன்றே கேள்வியை எழுதினார். ஆபீஸில் சபை வேலையைப் பார்த்தவர் கீழக்கரை நெய்னா முகம்மது. அவர் திருப்பிக் கொண்டுவந்தார்.

"பொதுவா எழுதியிருக்கீங்க, பாலகுரு. எந்த ஆளு, எந்த நாளுன்னு மேல கேக்குறாங்க. இல்லாட்டி எடுத்துக்க மாட்டாங்களாம்."

பாலகுருவுக்கு இது புதிதில்லை. குறிப்பாக இல்லாத கேள்வியைத் தள்ளிவிடுவது பழைய சபைகளின் வழக்கம். ஆதாரம் கேட்கிறார்கள் என்றால் பதில் சொல்லப்போகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். முத்துராமனிடம் கேட்டார்.

"உன் பேரப் போடலாமா?"

"போடுங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியாததா?"

பேரைப் போட்டார். நாளைப் போட்டார். மயங்கி விழுந்தான் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினார். படித்தவன் செய்கிற மடத்தனம் படிக்காதவனுக்கு வராது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சபை ஏசி ஹாலில் கூடியது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு பிஸ்கட் தட்டு. தலைவராக உட்கார்ந்திருந்த மேனேஜர் பாலகுருவின் கேள்வியை மரியாதையாக, ஒரு சொல் விடாமல் வாசித்தார். பிறகு பதிலை வாசித்தார். அரசு உத்தரவு வெயிலில் செய்யும் வேலைக்கு மட்டும். கன்டெய்னருக்குக் கூரை இருக்கிறது. எனவே உத்தரவு பொருந்தாது. குறிப்பிட்ட நபர் இந்தக் கம்பெனி ஊழியர் அல்லர். வேலைக்குத் தகுதியான உடல்நிலை இல்லை என்று தெரிய வந்ததால், இன்று காலை சப்ளை கம்பெனியிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டார்.

பாலகுரு எழுந்தார். அந்தக் கூரைக்குக் கீழே சூடு எவ்வளவு என்று யாராவது அளந்தார்களா? கேட்க வாய் திறந்தார்.

"துணைக் கேள்விக்கு அனுமதி இல்லை" என்றார் மேனேஜர், சிரித்த முகத்தோடு. "அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுங்கள்."

அந்த விதி எந்த வருடத்துச் சட்டத்தில் இருந்தது என்பதுகூட பாலகுருவுக்கு ஞாபகம் வந்தது. மேஜையைக் குத்தியிருக்கலாம். கத்தியிருக்கலாம். வெளியே நடந்திருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படியும் சிலர் நடந்திருக்கிறார்கள். அவர் உட்கார்ந்தார். சபை ஒழுங்கு அவர் எலும்புக்குள் போயிருந்தது. அதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

வெளியே வராந்தாவில் நெய்னா முகம்மது அவரைப் பார்க்காமல் பேசினார். "கலாட்டா பண்ணாம நடந்துக்கிட்டீங்கன்னு மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த வருசம் உங்களுக்கு எலெக்சன் வேணாமாம். நேரா நியமிச்சிருவாங்களாம்."

"அந்தப் பையன திருப்பி எடுக்க வழி இருக்கா, நெய்னா பாய்?"

"கலாஸ், முடிஞ்சிருச்சு பாலகுரு. விசா கேன்சல் அடிச்சாச்சு. ராத்திரி ஃப்ளைட்டு."

கேம்ப் வாசலில் சப்ளை கம்பெனி வேன் நின்றது. முத்துராமன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மகளுக்கு வாங்கி வைத்திருந்த பொம்மைப் பெட்டி பைக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டிருந்தது. மகளைப் பார்க்கத்தான் போகிறான். ஆனால் இப்படிப் போவதற்கா இத்தனை நாள் காத்திருந்தான்? பாலகுருவுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. திட்டுவான் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் நினைத்தார்.

அவன் கண்ணாடியை இறக்கினான்.

"கேட்டீகளாண்ணே?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"கன்டெய்னருக்குக் கூரை இருக்குன்னாங்க."

டிரைவர் யல்லா என்று வண்டியைக் கிளப்பினான்.

"இருக்கத்தானண்ணே செய்யுது" என்றான் முத்துராமன்.