ஆசிரியர் பெயர் தெரியவில்லை

தொகுப்பின் முன்னுரையிலேயே விதி இருக்கிறது. இயற்றியவர் இன்னார் என்று தெரிந்த பாட்டை நாட்டார் பாடலாகச் சேர்க்கக் கூடாது. தவறிச் சேர்த்திருந்தால், ஆதாரத்துடன் எழுதுபவருக்கு அறுபது நாளில் பதில் தர வேண்டும். அடுத்த பதிப்பில் பெயரைப் போட வேண்டும். விதியை எழுதியவர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

ஓர் அரசு நிறுவனம் வெளியிட்ட அந்தத் தொகுப்பில், கரையில் நின்று கரைமடி வலை இழுப்பவர்கள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அடிக்குறிப்பு: ‘கடியப்பட்டணம் பகுதி. ஆசிரியர் பெயர் தெரியவில்லை.’ ஆசிரியர் கடியப்பட்டணத்தில்தான் இருக்கிறான். வலை இழுக்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. கல்லூரியில் எனக்குப் பக்கத்து இருக்கை.

ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் பாடகர் குழுவில் கிட்டார் பழகியவன். மாமா ஒருவர் மஸ்கட்டிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டார் கொண்டுவந்து கொடுத்த பிறகு, வலை இழுக்கும் தாளத்தை அதில் வாசித்துப் பார்த்தான். டிரம்சும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து நால்வர் குழு ஆயிற்று. ஊர்த் திருவிழாக்களில் வாசித்தார்கள். பக்திப் பாட்டு முடிந்த பிறகு, அவன் சொந்தப் பாட்டு இரண்டுக்கு இடம் கொடுப்பார்கள். கூட்டம் சுக்குக்காப்பி குடிக்கப் போகும் நேரம் அது. சென்னையில் ஒருவர் கேட்டுவிட்டு, மலையாள வாடை அடிக்கிறது என்றார். திருவனந்தபுரத்தில் ஒருவர், இது தமிழல்லவா என்றார். குழுவில் மற்ற மூவரும் வளைகுடாவுக்குப் போனார்கள். இவன் ஐஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, நாற்பது வருடம் பாட்டு எழுதிக்கொண்டே இருந்தான். கோட்டாற்றில் ஒரு கடைக்காரர் உதவியில் வெளியான ஒரே கேசட்டில் இந்தப் பாட்டும் இருந்தது. கேசட் விற்கவில்லை. பாட்டு மட்டும் எப்படியோ கரையில் இறங்கி, வலைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அடிக்குறிப்பை இரண்டு முறை படித்தான்.

“எத்தன பாட்டு எழுதினேன் மக்கா. ஒண்ணுதான் நான் இல்லாம தனியா நடந்து போச்சு. அதுலயாவது எனக்க பேரு கெடக்கட்டும்.”

அவன் யாரிடமும் எதையும் கேட்டவனில்லை. மனு நான் எழுதினேன். ஆதாரம் என்னவென்று கேட்டதற்கு, வலை இழுக்கும் கிழவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். அவன் பாடக் கேட்டுப் படித்தவர்கள் அவர்கள். வாய்மொழிச் சாட்சி கோப்பில் நிற்காது, ஆவணம் வேண்டும் என்றேன். கையெழுத்து நோட்டு, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது போய்விட்டது. மிஞ்சியது கேசட்டின் அட்டை. அதன் நகலை இணைத்து, அவனைச் சான்றொப்பம் இடவைத்து, பக்க எண் போட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அறுபது நாள் போனது. மூன்று நினைவூட்டுக் கடிதம். பிறகு தகவல் உரிமை மனு. கோப்பு பரிசீலனையில் இருப்பதாகத் தகவல் தந்தார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்தது. இடையிடையே அவன் போன் செய்வான். “மக்கா, அவனுவ முழிச்சானுவளா?”

பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது, இணைப்பு ஆவணத்தில் உள்ளபடி பாடலாசிரியர் பெயர் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும். கீழே பெயர். அவன் பெயரல்ல. அவர்கள் ஊர்க் கோவிலின் புனிதருடைய பெயர், முன்னால் ‘திரு’ சேர்த்து.

கேசட் அட்டையின் நகலை எடுத்துப் பார்த்தேன். ‘பாடல், இசை’ என்று அச்சிட்டு, நேரே புனிதரின் பெயர்தான் இருந்தது. அனுப்பும்போது பக்க எண் சரியா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன். படிக்கவில்லை.

அன்றே அவன் வீட்டுக்குப் போய், ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டேன். கிட்டாரின் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

“புதுசா கடல்ல எறக்குற வள்ளத்துக்கு எவன்லே சொந்தப் பேரு வைப்பான்? மொத கேசட்டு. அவரு பேரு வச்சேன்.”

கரையில் அது வழக்கம். எனக்குத் தெரியாததல்ல. அங்கே நிற்கும் வள்ளங்களில் பாதி அவருடையவைதான்.

“பாட்டு எழுதினவரு அவராயிட்டாரு. செரி, அவரு இதுவர எனக்க கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல,” என்றான். கம்பியை இழுத்து முறுக்கினான். தலையைத் தூக்காமலே, “அந்தக் கெழவனுவ ரெண்டுல ஒருத்தரு இப்பளும் இருக்காரு கேட்டியா,” என்றான்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். கிழவரின் வாக்குமூலத்தை எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்க வேண்டும். இந்த முறை அனுப்புவதற்கு முன் படிக்க வேண்டும். பதில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு என்பதால், உறையின் மேல் தேதியைக் குறித்துவைத்தேன். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்று இங்கே முழுக்க உள்ளூர் விடுமுறை. தபால்காரருக்கு மட்டும் கிடையாது. நவம்பர் ஒன்று, கோவிலில் சகல புனிதர்களின் திருநாள்.