பிந்தி வந்த முள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பேண்டேஜ் துணி வெளுக்கும் மில் ஒன்றில், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தொட்டி பொங்கி மாரித்தாயின் வலது கை வெந்துபோனது. அந்த மில்லுக்குத் தொட்டியின் சூட்டைக் காட்டும் டிஸ்ப்ளே செய்து கொடுத்தது ராஜபாளையத்திலிருந்த எங்கள் ஆபீஸ். அதே வாரம் எனக்கு ஒரு வேலை தந்தார்கள். திரையில் படம் மினுங்குகிறது, புரோகிராமில் வளைவு வரையும் ஃபங்ஷனைச் சீராக்க வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் நினைக்கவில்லை.

மாரித்தாய் சோழபுரத்துக்காரர். திரையில் சூடு காட்டும் முள் பச்சைப் பகுதியைத் தாண்டியதும் நீராவி வால்வை மூடுவது அவர் வேலை. விபத்துக்குப் பிறகு மெஷினை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். முள் சரியாகவே காட்டியது. "முள்ளு கண்ணு முன்னாலதான் நிக்குது. பேச்சு மும்முரத்துல அந்தம்மா பாக்கல" என்றார் சூப்பர்வைசர். அதோடு மாரித்தாயை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

நாங்கள் பயன்படுத்தியது இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கிராபிக்ஸ் லைப்ரரி, அதாவது படம் வரைய யாரோ எழுதிவைத்த ஆயத்தப் புரோகிராம். மில் முதலாளிக்குக் கார் டேஷ்போர்டு மாதிரி தடித்த வளைவு வேண்டுமாம். அந்த லைப்ரரியோ மெல்லிய வளைவுகளை அடுக்கி அடுக்கித் தடித்த வளைவாக்கும். நடுவில் விழும் ஓட்டைகளை அடைக்க இன்னொரு முறை வரையும். முள் துளி அசைந்தாலும் முழுப் படமும் முதலிலிருந்து. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது கண்ணிமைக்கும் நேரம். மில்லில் இருந்த சின்ன சிப்புக்கு முழி பிதுங்கும். ஒரு படம் முடிவதற்குள் தொட்டியிலிருந்து அடுத்தடுத்த சூட்டு ரீடிங்குகள் வரிசையில் வந்து நின்றுவிடும்.

அதே சிப்பை என் மேசையில் ஓடவிட்டு, காலையில் சூடு அளக்கும் சென்சாரை வெந்நீரில் வைத்தேன். முள் உடனே ஏறியது. சாயங்காலம் மறுபடி வைத்தபோது, தண்ணீர் ஆறத் தொடங்கிய பிறகுதான் முள் எழுந்தது. வரிசை நாளெல்லாம் நீண்டுகொண்டே போயிருக்கிறது. மெஷினை அணைத்தால் வரிசை அழிந்து எல்லாம் சரியாகிவிடும்; விபத்துக்குப் பிறகு மில்லில் ஓட்டிப் பார்த்தபோதும் அதுதான் நடந்திருக்கிறது.

வளைவை வரிவரியாக ஒரே தடவையில் நிரப்பும்படி மாற்றி எழுதினேன். முள் நகர்ந்த துண்டை மட்டும் திரும்ப வரையச் செய்தேன். பழைய ரீடிங்குகளைத் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்ததை மட்டும் காட்ட வைத்தேன். மேனேஜரிடம் காரணத்தைச் சொன்னபோது எழுந்து கதவைச் சாத்தினார். "படம் வேகமா வருதுன்னு மட்டும் சொல்லுவோம். மத்ததச் சொன்னா நம்ம பொழப்புல மண்ணு" என்றார்.

ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாள் நானே மில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாரித்தாய்க்குப் பதில் வேறு ஆள் போட்டாயிற்று என்றார். எங்கள் ஆபீசிலும் எனக்குப் பதில் வேறு ஆள் போட்டார்கள்.

அப்படியே சோழபுரம் போனேன். விரல் மடங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு மாரித்தாய் எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்பம் நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னுருக்கேன். அவிய அம்புட்டுப் பேரும் சொல்லவும், நாமதான் கண்ணசந்துட்டோம்னு நானும் நம்பிட்டேன் சார்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வரைந்த படத்தை உங்கள் மேசையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அதை நம்பி நிற்பவர் பக்கத்தில், ஷிஃப்ட் முடியும்வரை நின்று பாருங்கள்.