குருவிக் கூண்டில் சாமை

1983 மார்ச் 14, திங்கட்கிழமை. விடியுமுன் எழுந்து, முந்தின வாரம் போட்ட தளத்துக்குத் தண்ணீர் கட்டினேன். சிமென்ட் மூட்டைகளின் மேல் தார்ப்பாயைச் சரிசெய்தேன். கேட்டைத் திறந்தேன். சென்னையில் ஒரு பணக்காரர் தம் பழைய வீட்டுக்குப் பின்னால் மாடிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார்; நான் அங்கே வாட்ச்மேன். கலவை சுமந்தவர்களில் பலர் என்னைப் போல ஜவ்வாது மலைக்காரர்கள்.

அவர்களில் ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை தகரக் கொட்டகையிலேயே குழந்தை பிறந்திருந்தது. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பது சாமைக் கஞ்சி. அரிசிச் சோற்றை வாயில் வைத்தாலே அவளுக்குக் குமட்டியது. பால் ஊறவில்லை. குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது. அவள் புருஷன் சாமைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினான். எங்கும் கிடைக்கவில்லை.

மாலையில் முதலாளி வீட்டுச் சமையல்கார அம்மாள் குருவிக் கூண்டைக் கழுவ ஆள் கேட்டாள். நானே போனேன். வராந்தாவில் ஆள் உயரக் கூண்டு, பச்சையும் மஞ்சளுமாக லவ் பேர்ட்ஸ். தீனியைப் பாதி கொத்தி, பாதி இறைத்திருந்தன. கீழே கிடந்ததை அள்ளிப் பார்த்தேன். சாமை! மூலையில் இருந்த சாக்கில் திருப்பத்தூர் மண்டி முத்திரை. அறுப்பு முடிந்ததும் நாங்கள் தலைச்சுமையாக இறக்கிக் கொண்டுபோய் விற்கும் அதே மண்டி. விற்றுவிட்டு ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்போம்.

"இன்னாய்யா அப்டி பாக்குற? குருவித் தீனி அது."

"எங்க வூட்ல இதாங்க சோறு."

"தோடா! அப்போ உங்களுக்கெல்லாம் றெக்க மொளச்சிருக்கணுமே!"

பிள்ளை பெற்றவளின் நிலையைச் சொன்னேன். சமையல்கார அம்மாளின் சிரிப்பு நின்றது. உள்ளே போய் முதலாளியம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

"எடுத்துக்கச் சொன்னாங்க. மனுசங்க நெசமாவே இத்த துன்னுவாங்களான்னு அம்மாக்கு நம்பிக்கையே வர்ல."

சாமையைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். எங்கே கிடைத்தது என்று கேட்ட அவள் புருஷனுக்கு, சொன்னதும் முகம் செத்துவிட்டது.

"குருவிக்கு வெச்சதாண்ணா? என் பொண்டாட்டிக்கு வேணா."

படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "உனுக்கு வேணான்னா அப்பால போ. அண்ணா, நீங்க குத்துங்க."

உரல் ஏது? குழி விழுந்த கருங்கல் ஒன்றைக் கழுவி, சாரக் கட்டைத் துண்டால் குத்திக் கொடுத்தேன். கஞ்சியை அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் எழுந்ததும் முதலில் கொட்டகைக்குப் போனேன். குழந்தை மார்பில் சப்பிக்கொண்டிருந்தது. வெளியே அவன், யார் முகத்தையும் பார்க்காமல், மீதிச் சாமையைக் குத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து உமியை ஊதிக் கொடுத்தேன்.